கட்டில் மூன்று, குதைபியா

கர்னல் யாரையும் நம்புவதில்லை,
நான் எழுதிய நிரலையும்தான்.
ஒரு பக்கம் கேட்டால் தரும்:
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்,
முன்னால் இருந்தவன் விட்டுப்போன எல்லாவற்றையும்
பூஜ்ஜியத்தால் கழுவிவிட்டு.
கூடவே மூன்று கேள்வி.
வாசிப்பாயா, எழுதுவாயா, இயக்குவாயா?
மூன்றுக்கும் ஆமாம் என்பவனை
ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

ரொசாலியா அக்காவும் அப்படித்தான்.
நான் மனாமா வந்த அன்று
பெட்டியைக் கீழே வைக்குமுன் கேட்டாள்:
சமைப்பியா, ஆள் வருவாங்களா, ஏசியத் தொடுவியா?
பிளைவுட் தடுப்புக்குள் மூன்றாம் கட்டில்.
மாதம் முப்பத்தைந்து தினார்.
"ராத்திரி மட்டும் ஒனக்கு" என்றாள்,
பச்சை அட்டை நோட்டில் எழுதிக்கொண்டே.

பகலில் அது ஜெபசெல்வியுடையது.
ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரவு டூட்டி.
ஏழரைக்கு நான் இறங்கும் படியில் ஏறுவாள்.
"தண்ணி வருதா?"
"வருது."
பதினான்கு மாதத்தில் எங்கள் பேச்சு
இதைவிட நீண்டது இரண்டே தடவை.

நினைவகத்தின் ஒரே சட்டகத்தை
இரண்டு நிரல்கள்
வெவ்வேறு முகவரியில் வைத்திருக்கும்.
என் அட்டவணையில் அது என் கட்டில்,
அவள் அட்டவணையில் அவளுடையது.
இரண்டும் பொய்யில்லை.
எத்தனை பேர் அதைச் சுட்டுகிறார்கள் என்று
கர்னல் மட்டும் எண்ணி வைத்திருக்கும்.

தலையணை வேறு, போர்வை வேறு.
மெத்தையின் குழி மட்டும் பொது.
நான் சுவரோரம், அவள் வெளியோரம்;
பேசி வைத்ததில்லை.
மாலையில் திரும்பும்போது அந்தப் பாதி வெதுவெதுவென்றிருந்தால்
இன்று பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள்.

சித்ராவில்
(பெண் பெயரில்லை, தீவு)
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை.
அதன் பம்ப்புகளுக்கு நான் எழுதிய டிரைவரில்
மூன்று வாரமாக ஒரு பேய்.
அழுத்த அளவுகள் இருக்கும் பக்கத்தை
இனி வாசிக்க மட்டும் என்று பூட்டிய பிறகும்
ஏதோ ஒன்று அதில் எழுதிக்கொண்டிருந்தது.
அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
பூட்டு பூட்டியபடியே இருந்தது.

பிழை பூட்டில் இல்லை.
சில்லில் நான்கு கோர்கள்.
ஒவ்வொரு தடவையும் அட்டவணையைப் புரட்ட நேரமின்றி
அடிக்கடி போகும் வழிகளை
உள்ளங்கையில் கிறுக்கி வைத்துக்கொள்பவை.
அனுமதியைப் பறித்தால்
எல்லாரையும் தட்டி எழுப்பிக்
கை கழுவச் சொல்ல வேண்டும்.
நான் மூன்று பேரை எழுப்பியிருந்தேன்.
நான்காவது கோர்
பழைய அனுமதியோடு, ஒரு சூதும் அறியாமல்
தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஒற்றை வரித் திருத்தம்.
புதன்கிழமை அனுப்பினேன்.

அதற்கு முந்தைய நாள் ஜெபசெல்வி போய்விட்டாள்.
ஒப்பந்தம் முடிந்து விசா ரத்து.
படியில்தான் சொன்னாள்,
தண்ணி வருதா என்று கேட்ட பிறகு.

அக்கா நோட்டில் ஒரு கோடு கிழித்தாள்.
மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டு எடுத்தாள்,
டெட்டால் தெளித்தாள், விரிப்பை மாற்றினாள்.
"அடுத்த ஆள் வர்ற வரைக்கும் பகலும் ஒனக்கே.
காசு வேண்டாம்."

வெள்ளிக்கிழமை மதியம்
முதன்முதலாக அந்தக் கட்டிலில் பகலில் படுத்தேன்.
ஒரு மணிக்கு மேல்
தடுப்பின் விளிம்பைத் தாண்டி வெயில்
விரலகலத்துக்கு உள்ளே வருகிறது.
கண்ணில் விழாதிருக்க
அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று
யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

எழுந்தபோது நான்கரை.
வெளியோரம் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.
சுவரில் உரசி உரசி
முழங்கை சிவந்திருந்தது.
இதற்கு யாரும் சொல்லவில்லை போல.